நாலாவது வால்வு

12-3-1941, புதன். நாமக்கல்.

இல்லை, நான்கு கண்ணாடிக்குழல் வால்வோடு அண்ணனின் ஆம்பிளிபயரை நாளை நாடக மேடைக்கு அனுப்ப மாட்டேன். அவர் கிதார் கடைசி வரிசைவரை கேட்கட்டும் என்று நான்கையும் இணையாகப் போட்டது நான்தான். மூன்று புதியவை, ஒன்று பழையது. காகிதத்தில் நான்கும் சமம் என்றே கணக்குப் போட்டேன். மாலையில் அவர் வாசிக்கும்போது பழையது மட்டும் மற்றவற்றின் மின்சாரத்தையும் இழுத்துக்கொண்டு உள்ளே பழுக்கச் சிவந்தது.

“ஏம்மிணி, சோறாக்கப் போறயா?” என்று சிரித்தார்.

“தொடாதீங்கண்ணா. வெடிச்சுரும்.”

“சத்தம் பத்தலைன்னா நாடகக்காரவிக மறுபடி என்னையக் கூப்பிட மாட்டாங்க, சாமி.”

பழையதைக் கழற்றிவிட்டு, புதியவை மூன்றும் மின்சாரத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்தடை பற்றவைத்தேன். கடைசி வரிசைக்குக் கேட்காது என்றேன். அவர் நான் கழற்றி வைத்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய வால்வைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன்.