கண் திறந்த ஜெபம்

அன்புள்ள அப்பாவுக்கு, ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் தேவலையா?

என் வேலை நிரந்தரமாவது அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. பயப்பட ஒன்றுமில்லை. ஊசிமருந்துக் குப்பிகளில் தூசி இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதுதானே என் வேலை? போன மாதம் ஒருநாள் வேலை தொடங்குமுன் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோதே பெல்ட் ஓடத் தொடங்கி, சில குப்பிகள் என்னைக் கடந்து போய்விட்டன. வேலை தள்ளிப்போனது அதனால்தான்.

“என்னம்மா, வந்ததும் வராததுமா தூக்கமா?” என்றார் மேலாளர்.

“தலைவலின்னு சொல்லுடி” என்று பக்கத்து இருக்கை அக்கா கிசுகிசுத்தார். எனக்குப் பொய் வாய்க்கு வரவில்லை.

“ஜெபம் பண்ணேன், சார்.”

“நீ சாமியப் பாத்துட்டிருந்தா குப்பிய யாரு பாக்கிறது?”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் கேட்டது நியாயம்தான். ஆனாலும், ஜெபிக்கப் போய்த்தானே இந்த வம்பு என்று சில நாள் கர்த்தரோடு பேசாமல் இருந்தேன். பிறகு மனம் கேட்கவில்லை. இப்போது கண்ணைத் திறந்தபடியே ஜெபிக்கிறேன், ஒவ்வொரு குப்பியும் போய்ச் சேரும் நோயாளிக்காக.

அப்பா, சாப்பாட்டுக்கு முன் நீங்கள் பண்ணும் ஜெபத்தை ஃபோனில் பதிந்து அனுப்புங்கள். சுருக்க வேண்டாம். சோறு ஆறுகிறதென்று அம்மா முறைப்பாரே, அந்த நீளமே வேண்டும். இங்கே யாரும் முறைக்காமலே என் சோறு ஆறிப்போகிறது.

கம்பெனி வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்