ஆட்சேப மனுவுக்குக் கடைசி நாள்

துர்க்கு, 3 மே 1968

அன்புள்ள லெம்பி,

நலம். இங்கே கடலில் பனி கரைந்துவிட்டது. என் மனம்தான் இன்னும் இளகவில்லை. இந்த வாரமும் நாடாளுமன்றக் குழு உன்னைத்தான் கருத்துக் கேட்க அழைத்ததாம், பத்திரிகையில் பார்த்தேன். நானும் அரசியலமைப்புச் சட்டம்தான் கற்பிக்கிறேன். என்னை ஒரு நாய்கூடக் கேட்பதில்லை. காப்பி அறையில் சக ஆசிரியன் ரூனே கேட்கிறான்: "என்னப்பா தாவி, உங்க வீட்டுல சட்டம் போடுறது யாரு?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஹெல்சிங்கி பேராசிரியர் பதவிக்கு நாம் இருவருமே விண்ணப்பித்தோமே, மதிப்பீட்டாளர்கள் அறிக்கை வந்ததா? உனக்குத்தான் எல்லாம் முதலில் தெரியும்.

உன் தாவி

ஹெல்சிங்கி, 8 மே

தாவிக் கண்ணா,

வந்துவிட்டது. முதலிடம் எனக்கு, இரண்டாமிடம் உனக்கு. என் புத்தகத்தைத்தான் உயர்த்திச் சொல்லியிருக்கிறார்கள். சந்தோஷப்படவே பயமாக இருக்கிறது.

நாடாளுமன்றக் குழுவில் ஓர் உறுப்பினர், "ஏம்மா, அரசியலமைப்பை மீறுதுன்னு தெரிஞ்சே ஆறுல அஞ்சு பங்கு பேரு கை தூக்கினா, சட்டம் செல்லும்ல?" என்றார். "செல்லும் ஐயா. ஆனா மீறுனது மீறுனதுதான்" என்றேன். முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்!

சனிக்கிழமை நம் ஏரி வீட்டுக்கு வா. சானா நீராவிக் குளியலறையைச் சூடாக்கி வைக்கிறேன்.

லெம்பி

துர்க்கு, 12 மே

லெம்பி,

நேற்று வர மனமில்லை. மதிப்பீட்டை எதிர்த்து ஆட்சேப மனு கொடுக்கப்போகிறேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள். உன் புத்தகத்தை வரிவரியாகப் படித்தவன் நான். நாலாம் அத்தியாயத்து வாதத்தைத்தான் கடைசிவரை திருப்பித் திருப்பிச் சொல்கிறாய். மனுவிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

பொறாமைதான், ஒப்புக்கொள்கிறேன். குழு அறையில் நீ உட்காரும் நாற்காலியைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

தாவி

ஏரி வீடு, 14 மே

தாவி,

சானா தனியாகவே ஆறிப்போனது. உனக்கென்று கொடுத்த என் புத்தகத்தின் முதல் பிரதி இங்கே அலமாரியில்தான் இருந்தது. மடிப்பு வெட்டாமல் அச்சகத்திலிருந்து வந்த புத்தகம். கத்தியால் வெட்டினால்தான் பக்கம் திறக்கும். நாலாம் அத்தியாயம்வரை வெட்டியிருக்கிறாய். அதற்குப் பிறகு ஒரு மடிப்புகூடப் பிரியவில்லை.

நாலாம் அத்தியாயத்தில் சொன்னதை ஆறாவதில் நானே மறுத்திருக்கிறேன். அந்த மறுப்பு உன்னுடையது. படகில் மீன் பிடித்துக்கொண்டே, "லெம்பி, உன் வாதத்துல ஓட்டை இருக்குடி" என்று நீ சொன்னது. அடிக்குறிப்பில் உன் பெயர் இருக்கிறது.

மனு உன் உரிமை. கொடு, செல்லும். புத்தகத்தை இத்துடன் அனுப்புகிறேன். மீதியை நான் வெட்டவில்லை.

லெம்பி