கோட்டுக்குள் தைத்த பத்து மாத்திரைகள்

அன்பு மகள் டாக்டரம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, வியாதி வருவதற்கு முன்பும் இதே லட்சணம்தான்.

உன் கடிதம் வந்தது. உடம்பே தன் நரம்பைத் தாக்கும் இந்த வியாதியை, தொண்டைப் புண்ணுக்கு நீ எழுதிக்கொடுத்த ஆன்டிபயாட்டிக்தான் கிளப்பிவிட்டதோ என்று ஆராய்கிறாயாம். அந்த மருந்து சாப்பிட்டு இந்த வியாதி வந்தவர்கள் பட்டியலில் முதல் ஆள் நானாம். என் முகத்தில் விழிக்கத் தைரியமில்லாமல்தான் மூன்று மாதமாக வீட்டுக்கு வரவில்லையாம். படித்துவிட்டு, கடையில் தையல் மெஷின்மேல் அப்படியே தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். மறுபடி கைகால் இழுத்துக்கொண்டதென்று நினைத்து, உன் அம்மா பக்கத்து சலூன்காரரைக் கூப்பிட ஓடினாள். அவர் பாதி சவரம் செய்த ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அம்மாடி, ஒன்று சொல்கிறேன், திட்டாதே. அந்த மாத்திரையில் ஒன்றைக்கூட நான் முழுங்கவில்லை. ஓவர்கோட் பட்டன் சைஸில் இருந்தால் மனுஷன் எப்படி முழுங்குவான்? அறுபத்திரண்டு வயதில் மாத்திரைக்குப் பயம் என்று வெளியே சொல்ல முடியுமா? நீ போனில் கேட்டபோதெல்லாம் ஆச்சு ஆச்சு என்றேன். தொண்டை தானாகவே ஆறிவிட்டது.

உன் அம்மா என் பாக்கெட்டைத் துழாவுவாள், குப்பைக் கூடையையும் விடமாட்டாள். அதனால் கடையில் தொங்கும் என் பழைய கோட்டைப் பிரித்து, தோள் பஞ்சுக்குள் மாத்திரை அட்டையை வைத்துத் தைத்துவிட்டேன். அடுத்த வாரமே கால் மரத்தது, பிறகு விரலும். ஆஸ்பத்திரியில் விசாரித்தபோது அவள் பக்கத்திலேயே நின்றாள். முழுங்கினேன் என்று அங்கேயும் சொல்லித் தொலைத்தேன். அதுதான் உன் பட்டியலில் ஏறியிருக்கிறது.

இன்று காலை தையலை நானே பிரித்தேன். முன்பு ஒரு நிமிஷ வேலை, இன்று ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆனாலும் என் விரலாலேயே பிரித்தேன். அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். பத்தும் இருக்கிறது, எண்ணிப் பார்த்துக்கொள்.

மற்ற நோயாளிகள் சமாசாரம் எனக்குத் தெரியாது, அதை நீதான் பார்க்க வேண்டும். பட்டியலில் என் பெயரை மட்டும் அடித்துவிடு. உன்னால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணு.

சீக்கிரம் புறப்பட்டு வா. உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ பக்கத்தில் நின்றால்தான் எனக்குத் தைரியம் வரும்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்,
பொய் சொன்ன அப்பா