ஆறாம் றவுண்டு வரை

கற்பிட்டி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன் றஸீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நாங்கள் மூச்சோடு இருக்கிறோம், கத்தார் வெயிலில் நீ சுகமாய் இருக்க உன் உம்மா ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறாள். சொல்வது நான், எழுதுவது உன் தங்கச்சி ஸஃப்னா. நான் ஒரு சொல்லை முடிப்பதற்குள் இவள் ஒரு வரி எழுதிவிட்டுக் காத்திருக்கிறாள், என் கதையைத் திருத்தி நல்ல தமிழாகவும் ஆக்கிவிடுகிறாள்.

போன கிழமை நீ போன் எடுத்து "லைன் கிளியரில்ல வாப்பா, பொறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாய். லைனில் பிழை இல்லை மகன், என் நாக்கில்தான். கை நடுங்கத் தொடங்கி இரண்டு வருஷம், நாங்கள்தான் உனக்குச் சொல்லவில்லை. முஹம்மத் அலிக்கு வந்த அதே பார்க்கின்சன் வருத்தம்தான். உன் உம்மா அப்போதே டொக்டரிடம் போகச் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை. அலி அத்தனை பேரிடம் குத்து வாங்கினார், அவருக்கு வந்தது, நான் யாரிடம் வாங்கினேன், இது போட் எஞ்சின் திருத்தித் திருத்தி வந்த அதிர்வு, ஸ்பேனரைக் கீழே வைத்தால் நின்றுவிடும் என்று வாதாடினேன். ஸ்பேனரை வைத்து எட்டு மாதம், நிற்கவில்லை. குத்துச்சண்டை தெரிந்தவன் என்ற பெருமையில் செய்த பிழை. மருந்து கொஞ்சம் தாங்கும், சுகமாக்காது என்று டொக்டர் சொன்னார். உன் ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருஷம், அதற்கு முன் கம்பனி லீவு தராது என்றும் தெரியும், அதனால் வா என்று சொல்லவில்லை. நீ வரும்போது என் பேச்சு இருக்காது.

ஆகவே நம் வழக்கை இப்போதே முடிக்க வேண்டும். நல்ல காலத்து அலியும் நல்ல காலத்து மைக் டைசனும் மோதினால் யார் வெல்வார் என்று ரஸாக் நானாவின் தேத்தண்ணிக் கடையில் எத்தனை வருஷம் கத்தினோம். ஆறாம் றவுண்டு வரை அலி டைசனை ஆடவிட்டுக் களைக்க வைப்பார் என்பேன் நான். "ஆறாம் றவுண்டுக்கு ஆரு வாப்பா போற, மொதலாவதுலேயே கதை முடிஞ்சிரும்" என்பாய் நீ. "ரெண்டு பேரும் ஒரு காலத்துலயே இல்ல, அதுக்கு வாப்பாவும் மகனும் ஏன்டா என்ட கிளாச ஒடக்கிற" என்று ரஸாக் நானா ஏசுவார்.

இருவரும் தங்கள் நல்ல காலத்தில் வர வேண்டும் என்பதுதானே நம் சட்டம். இப்போது கண்ணை மூடினால் அந்த அலி வருவதில்லை மகன். ஒலிம்பிக்கில் கை நடுங்க நடுங்கத் தீபம் ஏந்தி நின்றாரே, அவர்தான் வருகிறார். அவரை உன் டைசனுக்கு முன்னால் நிறுத்த எனக்கு மனமில்லை. நீ வென்றாய்.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. போன் எடுத்தால் லைனைக் குறை சொல்லாமல் நீயே பேசு, நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அல்லாஹ் உன் கைகளுக்கு எப்போதும் பலம் தரட்டும்.

உன் வாப்பா,
முஸம்மில்

றஸீன் நானா, செவ்வாய்க்கிழமை கத்தார் வருகிற நளீரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். எழுதியதை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நீ வென்றாய்" என்ற இடத்தில் அவருடைய கை ஆடியது. அதை வெட்டிவிடு என்றாரா, கை தானாக ஆடியதா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். அவர் சொன்ன பதிலும் விளங்கவில்லை. இரண்டாம் முறை கேட்க மனம் வராமல், வெட்டாமலே மடிக்கிறேன்.

ஸஃப்னா