இடது கையைத் தேய்த்துவிட்டேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, என் மனசு மட்டும் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் நம் பிள்ளைகள் பெருமை. உன் அண்ணனுடைய பெரியவனுக்குக் கப்பல் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. சின்னவள் நீச்சலில் முதல் பரிசு வாங்கினாள், கோப்பை என் முழங்கால் உயரம். உன் தங்கச்சி மகன் கணக்கில் நூற்றுக்கு நூறு. உன் மகள் நர்சிங் செய்முறைத் தேர்வில் பாஸ். இதைப் போன வாரமே எழுத உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைக்கிறேன், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வாசலுக்குப் போய் நிற்கிறேன். அவள் உனக்கு போன் போடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் கல்லூரித் தேர்வில் நான் நோயாளியாக நடிக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு வசனம் மனப்பாடம், நினைத்தால் எனக்கே சிரிப்பு. காலையிலிருந்து நெஞ்சை அடைக்குதும்மா என்று நான் முனகவேண்டும். வலி வேறு எங்கேயாவது போகுதா என்று பிள்ளைகள் கேட்டால்தான் இடது கையைச் சொல்லவேண்டும். கேட்காவிட்டால் மூச்சு விடக்கூடாது, டீச்சரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். தேர்வு அன்றைக்கு மூன்றாவதாக வந்த ஒல்லிப் பெண் அதைக் கேட்கவே இல்லை. நான் கட்டை மாதிரிக் கிடந்தேன். அவள் ஃபெயில், வெளியே போய் அழுதது எனக்குக் கேட்டது.

நம்ம பிள்ளைக்கு வேறு அறைதான் போட்டிருந்தார்கள். அங்கே நோயாளியாக இருந்த ரிட்டயரான கண்டக்டருக்கு நிஜமாகவே தலைசுற்றல் வந்து வீட்டுக்குப் போய்விட்டார், அந்த அறைப் பிள்ளைகளை என்னிடம் திருப்பிவிட்டார்கள். மார்க் போடுகிற அம்மா வெளிக் கல்லூரிக்காரர், இது என் பேத்தி என்று அவருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. நம்ம பிள்ளை முகத்தில் மாஸ்க், கண் மட்டும்தான் தெரிகிறது, அந்தக் கண்ணைப் பார்த்தபோதே பிள்ளை எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்று தெரிந்துபோனது. நாடி பார்த்தாள், பிரஷர் பார்த்தாள், பிறகு சும்மா நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை, சத்தியமாக. வலது கையால் இடது கையை மெதுவாகத் தேய்த்துவிட்டேன். உடனே கேட்டுவிட்டாள். பாஸ்.

அன்றைக்கு வீடே சிரிப்பு. எனக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. நாளைக்கு வார்டில் ஒருத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள், கேட்கவேண்டியதை இவள் கேட்காமல் நகர்ந்தால் அவளுக்காக யார் கையைத் தேய்ப்பார்கள். அந்த ஒல்லிப் பெண்ணும் யாரோ பெற்றதுதானே. நாலாம் நாள் டீச்சரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நீங்க சொல்லலேன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காதே பாட்டி என்றார். எனக்குத் தெரியுமே என்றேன்.

உன் மகளுக்கு மறுதேர்வு, ஒல்லிப் பெண்ணோடு சேர்த்து. ஐந்து நாளாக ஒரே வீட்டில் இருந்தும் என்னோடு பேச்சில்லை. கடைசியாகச் சொன்னது, கையைத் தேய்க்கும்போது மட்டும் நான் பேத்தி, போட்டுக்கொடுக்கும்போது ஊரான் பிள்ளையா என்று. கேட்கட்டும், அவளுக்கு உரிமை உண்டு. நீ கல்லூரிக்கு போன் போட்டுச் சண்டை பிடிக்காதே. அவளிடம் எனக்காகவும் பேசாதே, பாட்டி பக்கம்தான் நியாயம் என்று நீ சொன்னால் அந்தப் பிள்ளை தனியாகிவிடும். அவள் சொல்வதைக் கேட்டுக்கொள், அது போதும்.

மறுதேர்வு வியாழக்கிழமை. இந்தத் தடவை கட்டிலில் நான் இல்லை, பொம்மைதான் படுத்திருக்கும். அது மூச்சு விடும், இருமும், கண்ணைக்கூடச் சிமிட்டும் என்கிறார்கள். இரக்கம் மட்டும் வராதாம். நான் இப்போதே போய்த் தேர்வு அறை வாசலில் நிற்கிறவள் மாதிரித் தவிக்கிறேன். நேற்று கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன், தலையணையைப் படுக்கவைத்து, வலி வேறு எங்கேயாவது போகுதா என்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், திரும்பத் திரும்ப.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொள். நீங்கள் இரண்டு பேரும் நூறு வயசு நன்றாக இருக்கவேண்டும்.

உன் அம்மா

மறந்துவிட்டேன், நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் வேண்டாம், பிள்ளை மேஜைமேல் வைக்கவேண்டும்.