தங்கை மகளுக்கு எதிராக நான் கொடுத்த தீர்ப்பு

அனுப்புநர்:
த. பொன்னுராஜ்,
மில் எலக்ட்ரீஷியன், பேஸ்பால் நடுவர்,
ராஜபாளையம்.

பெறுநர்:
தேர்வுக் குழுத் தலைவர் அவர்கள்,
மாவட்ட மகளிர் பேஸ்பால் அணி,
முகாம்: ஸ்ரீவில்லிபுத்தூர்.

பொருள்: 16.11.2025 தேர்வு ஆட்டத்தில் நடுவராக நான் காட்டிய பாரபட்சம் – மறுதேர்வு கோருதல்.

மரியாதைக்குரிய அய்யா,

1. இதில் புகார் சொல்பவனும் நான்தான், புகாருக்கு உள்ளானவனும் நான்தான். பதினோரு வருடமாக நடுவராக நிற்கிறேன்.

2. விதி தாங்கள் அறிந்ததே. மூன்றாவது பேஸில் எதிரணி ஆள் இருக்கும்போது, பந்தெறிபவர் எறியும் இடத்தில் பதித்த வெள்ளைப் பட்டையை ஒட்டிக் காலைக் குறுக்கே வைத்து நின்றால், ஒரு கணம் அசையாமல் நின்ற பிறகே எறிய வேண்டும். அப்படி நிற்காமல் எறிவதானால் நடுவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தவறினால் எதிரணிக்கு ஓர் ஓட்டம்.

3. நம் பக்கத்துப் பிள்ளைகள் கூச்சத்தில் நடுவரிடம் எதுவும் சொல்வதில்லை. நாங்களும் பெரிதுபடுத்துவதில்லை. மூன்றாவது இன்னிங்ஸில் மூன்றாவது பேஸில் ஆள் இருக்க, மகாராஜபுரம் அணிக்குப் பந்தெறிந்த வெங்கடேஸ்வரி அவ்வாறே சொல்லாமலும் நிற்காமலும் எறிந்தார். பார்த்தேன், விட்டுவிட்டேன்.

4. கடைசி இன்னிங்ஸில் ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, ராஜபாளையம் ஜெயசித்ரா அதையே செய்தார். உடனே கையை உயர்த்தினேன். அந்த ஓர் ஓட்டத்தில் அவர் அணி தோற்றது. மாவட்ட அணிக்கு வெங்கடேஸ்வரி தேர்வானார். ஜெயசித்ரா என் உடன்பிறந்த தங்கை தங்கபாயின் மகள்.

5. காரணத்தை மறைக்க மாட்டேன். அன்று காலை டீக்கடையில் ஒருவர், "மாமன் நடுவரு, மருமவ பந்து போடுதா. பொறவு என்னலே, ஜெயிச்ச மாதிரிதான்" என்றார். ஆட்டம் முழுக்க அந்தப் பேச்சுதான் காதில் இருந்தது. ஊர் வாய்க்குப் பயந்து, என்னை யோக்கியன் என்று காட்டிக்கொள்ள அந்தப் பிள்ளையைப் பலி கொடுத்தேன். வெட்கமாக இருக்கிறது அய்யா. ஆட்டம் முடிந்ததும் ஜெயசித்ரா, "அந்த அக்கா எறிஞ்சப்ப ஏன் மாமா கையத் தூக்கல?" என்று மட்டும் கேட்டார்.

6. விதிப்புத்தகத்தைத் திறந்தால் என் தீர்ப்பு சரி. புத்தகத்தைக் காட்டி யாரிடமும் தப்பித்துக்கொள்ளலாம் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

7. பெயர்ப்பட்டியல் வெள்ளிக்கிழமை சென்னைக்குப் போகிறது. ஜெயசித்ராவுக்கு டிசம்பரோடு வயது வரம்பு முடிகிறது. ஆகவே அதற்குள் இருவரையும், இரு வீட்டாருக்கும் உறவில்லாத ஒரு நடுவர் முன் மீண்டும் எறிய வைத்துத் தேர்வு செய்ய வேண்டுகிறேன். வெங்கடேஸ்வரி மீது எந்தக் குறையும் இல்லை. ஜெயசித்ராவுக்குச் சலுகையும் வேண்டாம். என் பெயரை நடுவர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நாள்: 18.11.2025
இடம்: ராஜபாளையம்

இப்படிக்கு,
(ஒப்பம்) த. பொன்னுராஜ்

நகல்: செல்வி ஜெயசித்ரா. நேரில் கொடுக்கப் போனேன். தங்கை காபி கொடுத்தாள். ஜெயசித்ரா அறையை விட்டு வெளியே வரவில்லை. ஆகவே பதிவுத் தபாலில்.