உறுமியை மெதுவாக்கும் செல்

ஞாயிறு, இரவு.

கூலாய் ஊர்க் கோவில் மண்டபத்தில் இன்று மகள் பேசினாள். பல்கலைக்கழகத்தில் நோய் எதிர்ப்பைப் பற்றிப் படிக்கிறாள். மேடையேறித் தடுமாறுவாளோ என்று எனக்குத்தான் பயம்.

முடக்குவாதம் வந்தால், கிருமியோடு சண்டை போடவேண்டிய செல்கள் நம் மூட்டையே தாக்கும் என்றாள். முன்வரிசைப் பெண் ஒருவர், "அப்ப அந்தச் செல்லையே மருந்து போட்டுக் கொன்னுடலாம் லா!" என்றார்.

"அப்புறம் கிருமி வந்தா யாரு ஆண்ட்டி சண்டை போடுவா? அத அடக்க உடம்புலயே வேற செல் இருக்கு. திருவிழாவுல சாமி வந்து ஆடுறவங்கள எங்கப்பா அடிப்பாரா? உறுமி மேளத்த மெதுவா வாசிக்கச் சொல்வாரு, திருநீறு பூசுவாரு. அந்தச் செல்லும் அப்படித்தான். உசுப்பேத்துற சிக்னல உறிஞ்சிடும், அமைதியாக்குற சிக்னல அனுப்பும். எங்கம்மா உடம்புல அது சரியா வேலை செய்யல."

மகளின் குரல் பிசிறவே இல்லை. மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் நான்; திருவிழாவில் மட்டும் சாமியாடுகிறவர்களைப் பார்த்துக்கொள்வேன். சட்டைப் பொத்தானைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

காரில் மனைவி தன் வீங்கிய விரல்களை என் கைமேல் வைத்தாள். "உள்ள உறுமி இன்னும் நிக்கலங்க," என்று சிரித்தாள். "நல்லா பேசினாள்ல?"

தலையாட்டினேன்.

இப்போது மனைவி தூங்குகிறாள். மாத்திரை போட்டாயிற்று. சாமி அறையிலிருந்து திருநீறு எடுத்துப்போய் அவள் விரல்களில் மெல்லப் பூசிவிட்டு வந்தேன். அது மருந்தில்லை என்று எனக்கும் தெரியும். மகளிடம் சொல்லமாட்டேன்.